புறம்போக்கு யார்?

தாம்பரம் பஸ் நிலையத்தில் ஒரு கூலித் தொழிலாளி தலையில் மூட்டையோடு போகிறார். மூட்டை ஒரு கனவானின் வெள்ளைச் சட்டையில் உரசிவிடுகிறது. கனவான் திரும்பிப் பார்க்கிறார். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வருகிறது: “புறம்போக்கு!”

அதே நேரத்தில் தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா பழைய பதிவேட்டைப் புரட்டுகிறார். ஒரு சர்வே எண்ணுக்கு நேராக விரலை வைத்து வாசிக்கிறார்: “ஏரிப் புறம்போக்கு.” அவர் யாரையும் திட்டவில்லை. தன் வேலையைச் செய்கிறார்.

வார்த்தை ஒன்றுதான். தெருவில் அது வசை. ஆபீசில் அது கணக்கு. இந்த இரண்டோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். இந்த வார்த்தைக்கு இன்னொரு பொருளும் உண்டு. அது புல்டோசர் வந்து நிற்கும் காலையில்தான் தெரியவரும்.

தோழர்களே! இது பண்டிதர்கள் மண்டபத்தில் உட்கார்ந்து நடத்தும் சொல்லாராய்ச்சி அல்ல. “புறம்போக்கு” என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்து நம்மில் பல ஆயிரம் பேருடைய வீடு நிற்கும், அல்லது விழும். ஆகவே, அந்த வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

வரிக்கு வெளியே

புறம் என்றால் வெளி. எதற்கு வெளி? கிஸ்தி கணக்குக்கு வெளி. ஊரில் உழுது பயிரிடும் நிலத்துக்கு வரி உண்டு. ஆனால் ஏரியை யார் உழுவது? வாய்க்காலுக்கு யார் வரி கட்டுவது? மாடு மேயும் வெளி, நெல் அடிக்கும் களம், வண்டிப் பாதை, சுடுகாடு இவையெல்லாம் ஒருவனுக்குச் சொந்தமில்லை. ஊர் முழுவதற்கும் சொந்தம். எனவே வரி போடாமல் தனியே ஒதுக்கினார்கள். ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களப் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு என்று கணக்கில் இன்றும் எழுதியிருக்கிறது. சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. மாட்டு மந்தை போய்விட்டது, வெளியும் போய்விட்டது, பெயர் மட்டும் மிச்சம்.

ஆக, புறம்போக்கு என்பது ஒன்றுக்கும் உதவாத நிலமல்ல. அது இல்லாவிட்டால் மற்ற நிலம் எதற்கும் உதவாது! ஏரி இல்லாமல் நஞ்சை ஏது? மேய்ச்சல் இல்லாமல் ஏர்மாடு ஏது? பாதை இல்லாமல் விளைந்த நெல் வீடு வந்து சேருமா?

இந்த ஏற்பாடு வெள்ளைக்காரன் கொண்டு வந்ததும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. கோயிலுக்கு வருமானம் தரவேண்டிய ஊர்களின் நில அளவைச் சொல்லிவிட்டு, வரி இல்லாத நிலம் எவையெவை என்று அவை கழித்துக் காட்டுகின்றன: ஊர் நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பட்டியல் இது.

ஆனால் அவசரப்பட்டு “ஆஹா, என்ன பொற்காலம்!” என்று கை தட்டிவிட வேண்டாம். அதே பட்டியலில் இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. கம்மாளர் சேரி ஒன்று, பறைச்சேரி மற்றொன்று. குளத்துக்கும் சுடுகாட்டுக்கும் பக்கத்தில், உழைத்தவன் குடியிருந்த சேரியையும் ஒரே மூச்சில் சொல்லிக் கழித்துவிட்டார்கள்! வரிக்கு வெளியே வைத்தது நிலத்தை மட்டுமா? நிலத்தில் உழைத்த மனிதனையும் ஊருக்கு வெளியேதான் வைத்தார்கள்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. நிலத்தைப் “புறம்” என்றால் அது எல்லோருக்கும் பொது. மனிதனைப் “புறம்” என்றால் அவன் யாருக்கும் வேண்டாதவன். பஸ் நிலையத்துக் கனவான் திட்டுகிறாரே, அந்த வசை வானத்திலிருந்து விழவில்லை. பட்டா உள்ளவன் மனிதன், பட்டா இல்லாத இடத்தில் குடியிருப்பவன் கழிக்கப்பட வேண்டியவன் என்ற பழைய கணக்குதான் அவர் நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

செங்கற்பட்டு ஜில்லாவின் கதை

தாம்பரமும் சுற்றுப்புறமும் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. இந்த ஜில்லாவின் பழைய கதையை நம் விவசாயத் தொழிலாளிகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கும்பினிக்காரன் இங்கே வந்து நிலத்தை அளந்தபோது மிராசுதார்கள் முன்னே வந்து நின்றார்கள். பயிர் செய்யும் நிலம் மட்டுமல்ல, ஊரில் கிடக்கும் தரிசும் தங்கள் பாத்தியதை என்றார்கள். தரிசில் கால் காணி உழுதுகொள்ள ஒரு பண்ணையாள் மனுப் போட்டால், “எங்களுக்கே முதல் உரிமை” என்று மிராசுதார் குறுக்கே விழுவார். சர்க்காரும் அதை ஒத்துக்கொண்டது. மனுப் போட்ட பண்ணையாளுக்கு நிலமும் கிடைக்காது. குடிசை போட்டிருந்த மனையும் மிராசுதாருடையது என்பதால் அதையும் இழக்க நேரிடும்.

இதை எந்தப் புரட்சிக்காரனும் எழுதி வைக்கவில்லை. 1891-ல் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர் தம் சர்க்காருக்கு எழுதிய அறிக்கையில் சொன்னவை. அந்த அறிக்கைக்குப் பிறகு, 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்து வருஷம் விற்கக் கூடாது; பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை. ராஜதானி முழுவதிலும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது? கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது? 1994-ல் இதே செங்கற்பட்டுப் பகுதியில் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட மக்கள் மீது அக்டோபர் 10-ம் தேதி போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டார்கள்.

மிராசுதார் மனையில் இருந்தவன் கதி தனி. அவனுக்கு “வெளியேறு” என்ற ஒரு வார்த்தை போதும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் நெருப்பில் வெந்தன. அதற்குப் பின்தான், 1971-ல், விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவனுக்கே சொந்தம் என்று குடியிருப்புச் சட்டம் வந்தது. தனியார் நிலத்தில் குடியிருந்தவனுக்கு இந்தச் சட்டம். சர்க்கார் புறம்போக்கில் குடியிருந்தவனுக்கு? அவனுக்கு 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம்!

இந்த 1905-ம் வருஷத்துச் சட்டம் ஒரு விசித்திரம். ரோடு, தெரு, ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் எல்லாம் சர்க்கார் சொத்து என்று அதன் இரண்டாவது ஷரத்து சொல்கிறது. நேற்று வரை ஊர்ப் பொது. இன்று சர்க்கார் சொத்து. பொது என்றால் உன்னுடையதும்தான். சர்க்கார் சொத்து என்றால் நீ உள்ளே வந்தால் ஆக்கிரமிப்பாளன். வார்த்தையை மாற்றவில்லை, “புறம்போக்கு” என்றே வைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த சரக்கை மட்டும் மாற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், அந்தச் சட்டம் போகவில்லை.

ஒரே ஏரி, இரண்டு நியாயம்

சரி, ஏரிப் புறம்போக்கில் கட்டடம் கட்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நல்லதுதான். கட்டியவர்கள் யார் யார் என்று பார்ப்போமா?

தியாகராய நகர் என்று பெரிய பேட்டை இருக்கிறதே, பட்டுச் சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் நிறைந்தது, அது நிற்கும் இடம் முன்பு நீண்டு கிடந்த ஏரி. 1920-களில் ஏரியை வடித்து மனை போட்டார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. வேளச்சேரி ஏரியில் வீட்டு வசதி வாரியமே வீடு கட்டியது. மதுரையில் ஏரி ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் உயர் நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான் எழுந்திருக்கிறது!

நம்முடைய பள்ளிக்கரணைக்கு வருவோம். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால், தண்ணீர் பள்ளிக்கரணைக் கழுவெளியில் போய் விழும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளத்துக்கும், கடலுக்கும் போகும். 1960-களில் இந்தக் கழுவெளி சுமார் 5,000 ஹெக்டேர் இருந்தது என்பார்கள். 2022-ல் ராம்சர் என்ற உலகப் பட்டியலில் சேர்த்தபோது சேர்க்க முடிந்தது 1,247 ஹெக்டேர்.

மிச்சம் எங்கே? சர்க்கார் பதிவேட்டில் அது “தரிசு”. உதவாத நிலம்! ஆகவே நகரத்தின் குப்பையை 200 ஏக்கருக்கு மேல் கொட்டினார்கள். ரோடு போட்டார்கள். ரயில் நிலையம் கட்டினார்கள். மத்திய சர்க்காரின் ஆராய்ச்சிக் கழகங்கள் வந்தன. கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகள் வந்தன. இவற்றில் எதையாவது யாராவது “புறம்போக்கு” என்று திட்டியதுண்டா? இல்லை. அவற்றுக்கு வேறு பெயர். “வளர்ச்சி!”

2015 டிசம்பர் முதல் தேதி மழை வந்தது. தாம்பரத்தில் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றன. தண்ணீருக்குப் பட்டா தெரியாது. அது பழைய பாதையைத் தேடிக்கொண்டு வந்தது.

வெள்ளம் வடிந்ததும் குற்றவாளியைத் தேடினார்கள். கண்ணாடி மாளிகையிலா தேடினார்கள்? அடையாற்றங்கரைக் குடிசையிலும் கூவம் கரைக் குடிசையிலும் தேடினார்கள். “நீர்நிலை ஆக்கிரமிப்பு” என்று எழுதி, ஜனங்களை லாரியில் ஏற்றினார்கள். எங்கே இறக்கினார்கள் தெரியுமா? பெரும்பாக்கத்தில்! ஏற்கெனவே 2000-ம் ஆண்டு முதல் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இறக்கியிருந்தார்கள். இரண்டுமே எங்கே இருக்கின்றன? அதே பள்ளிக்கரணைக் கழுவெளியின் ஓரத்தில். ஆற்றங்கரையில் இருந்தால் நீர்நிலைக்கு ஆபத்து. கழுவெளி ஓரத்தில் அடுக்குமாடி கட்டி அடைத்தால் மறுவாழ்வு. என்ன கருணை! என்ன தர்க்கம்!

2025 மே மாதம் அனகாபுத்தூரில் இதே நாடகம். தறிச் சத்தம் கேட்ட ஊர் அது. தாம்பரம் மாநகராட்சியில் 2021-ல் சேர்ந்த ஊர்களில் ஒன்று. அங்கே அடையாற்றங்கரையில் பல நூறு வீடுகள் இடிபட்டன. மின்சார இணைப்பு உண்டு, வரி ரசீது உண்டு என்று காகிதங்களை எடுத்துக் காட்டினார்கள் வீட்டுக்காரர்கள். வரி வாங்கும்போது அந்த வீடு வீடாகத் தெரிந்தது; இடிக்கும்போது அது புறம்போக்காகத் தெரிந்தது. வரிக்கு வெளியே நிற்பதுதான் புறம்போக்கு என்றால், வரி வாங்கிய பிறகு அது எப்படிப் புறம்போக்கு ஆகும்? இந்தக் கேள்விக்கு எந்த அதிகாரியாவது பதில் சொல்லட்டும்.

யாருக்கு ஆட்சேபணை?

சர்க்கார் கணக்கில் புறம்போக்கு இரண்டு ஜாதி. “ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு” ஒன்று. “ஆட்சேபணையற்ற புறம்போக்கு” இன்னொன்று. முதல் ஜாதி என்றால் இடிக்கலாம். இரண்டாவது ஜாதி என்றால் பட்டா கொடுக்கலாம். கொடுத்தார்களா? சென்னையைச் சுற்றியுள்ள வட்டாரத்துக்கு “பெல்ட் ஏரியா” என்று பெயர் வைத்து, அங்கே ஆட்சேபணையே இல்லாத நிலமானாலும் பட்டா கிடையாது என்று 1962-ல் ஒரு தடை போட்டார்கள். ஆட்சேபணை இல்லை, ஆனாலும் பட்டா இல்லை! அறுபது வருஷத்துக்கு மேல் மூன்று தலைமுறை இப்படியே காத்துக் கிடந்தது. கூட்டம் கூட்டமாகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து, மனு மேல் மனுப் போட்ட பிறகு, 2025 பிப்ரவரியில் மந்திரிசபை இறங்கி வந்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஜில்லாக்களின் பெல்ட் ஏரியாவில் 29,187 பேருக்குப் பட்டா தருவதாக முடிவு செய்தது.

வரவேற்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நிலம் அதேதான், ஜனங்கள் அதே ஜனங்கள்தான், குடிசை அதே குடிசைதான். முந்திய நாள் வரை புறம்போக்கு. மறுநாள் பட்டா பெறத்தக்க மனை. பூமி மாறவில்லை. பேனா மாறியது. பேனா யார் தட்டினால் மாறும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம்.

“அப்படியானால் ஏரியில் குடிசை போடலாம் என்கிறீர்களா?” என்று சில படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். போடக் கூடாது. ஏரி நம்முடைய சொத்து. அது தூர்ந்தால் முதலில் சாகிறவன் நாம்தான். கரையோரக் குடிசையில் பாம்பும் தண்ணீரும் ஒன்றாக நுழைவதை அனுபவித்தவனுக்கு இது தெரியும். அங்கே குடியிருப்பது சுகத்துக்கா? ஆலைக்கு நடந்து போகும் தூரத்தில், கட்டட வேலைக்குப் போகும் தூரத்தில், கூலிக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வேறு ஓர் அடி நிலம் கிடைக்கவில்லை, அதனால் இருக்கிறான். அவனை நகர்த்த வேண்டுமானால் வேலைக்குப் போகும் தூரத்திலேயே மனை கொடு. பெண்கள் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் பஸ் ஓடும் இடத்தில் கொடு. பிள்ளைகளைப் பரீட்சை முடிவதற்குள் பெயர்த்து எறியாதே. இவ்வளவுதான் கேட்கிறோம். ஏரியைக் காக்க வேண்டும் என்றால் ஏரியின் எல்லையை முழுக்க அள. அளந்து உள்ளே இருக்கிற எல்லோர் பெயரையும் ஒரே பட்டியலில் போடு. குடிசை முதல் வரிசை, மாளிகை கடைசி வரிசை என்ற பேச்சு வேண்டாம்.

ஒரு சென்ட் என்றால் குற்றம்

2023 ஏப்ரலை ஆலைத் தொழிலாளிகள் மறந்திருக்க மாட்டார்கள். எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டு மணி நேரமாக நீட்ட வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது அந்த மாதம்தான். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று மசோதாவை வாபஸ் வாங்கிவிட்டதாக அறிவித்தார்கள்.

அதே ஏப்ரலில் இன்னொரு மசோதாவும் நிறைவேறியது. அது வாபஸ் ஆகவில்லை. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் ஒரு திட்டம் வருகிறது. அந்த நிலத்துக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருக்கிறது என்றால், அதைச் “சிறப்புத் திட்டம்” என்று அறிவித்து, நீர்நிலையையும் சேர்த்து ஒருங்கிணைக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. ஏரியின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்வோம் என்று சமாதானமும் சொல்கிறார்கள். பள்ளிக்கரணையைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சமாதானம் எவ்வளவு பெறும்?

ஒரு சென்ட் ஏரி நிலத்தில் கூரை போட்டால் அவன் ஆக்கிரமிப்பாளன். 2007-ல் ஏரிப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், அவனைத் தூக்க. நூறு ஹெக்டேர் வைத்திருந்து நடுவில் ஏரியும் வேண்டும் என்று கேட்டால் அவர் தொழில் முனைவர். இரண்டு பேர் நிற்பதும் ஒரே புறம்போக்கில்தான்!

2015-ல் “புறம்போக்கு என்கிற பொதுவுடமை” என்று ஜனநாதன் ஒரு சினிமாப் படம் எடுத்தார். 2017-ல் எண்ணூர்க் கழிமுகத்தைக் காக்கச் சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணா புறம்போக்குப் பாட்டு ஒன்று பாடினார். வசையாகிப்போன வார்த்தையைத் துடைத்துப் பழைய பொருளைக் காட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் வார்த்தையைத் திருப்பிப் பெற்றால் நிலமும் தானே திரும்பி வந்துவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். பதிவேடு தாலுகா ஆபீஸ் பீரோவில் இருக்கிறது.

ஆகவே, உங்கள் தெருவுக்கு நோட்டீஸ் வந்தால் அழுதுகொண்டு நிற்காதீர்கள். 1905-ம் வருஷத்துச் சட்டப்படி வந்திருந்தால், காரணம் சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தராமல் கை வைக்க முடியாது, அப்பீலும் உண்டு. எழுத்தில் பதில் கொடுங்கள், வாங்கியதற்கு ரசீது வாங்குங்கள். பிறகு தெருவே சேர்ந்து தாலுகா ஆபீசுக்குப் போய், தகவல் உரிமைச் சட்டப்படி மூன்றைக் கேளுங்கள். அந்த சர்வே எண்ணின் ‘அ’ பதிவேட்டு நகல், புலப்பட நகல், அந்த ஏரியின் எல்லைக்குள் இருக்கும் கட்டடங்கள் அனைத்தின் பட்டியல். முதல் இரண்டையும் சில நாளில் கொடுத்துவிடுவார்கள். மூன்றாவதைக் கேட்டவுடன் அதிகாரி தலையைத் தூக்கி, “உங்களுக்கு எதற்கு அது?” என்பார்.

“அது எங்கள் ஏரி ஐயா, அதனால் கேட்கிறோம்” என்று சொல்லுங்கள்.